அச்சகக் கடதாசிக் கழிவில் மண்புழு உரம்: கொழும்பில் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடதாசிக் கழிவில் உரம் செய்ய வருபவர்களில் பலர் புழுவை வாங்கி வைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறார்கள். வாளிக்குள் புழு தவிக்கிறது, கடதாசி இன்னும் மூட்டைக்குள் இருக்கிறது. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள், நான்காம் நாள் புழு செத்துப்போகிறது.

புழு கடைசியில்தான் வர வேண்டும். கடதாசியைத் தரம் பிரித்து, ஊறவைத்து, சாணத்தோடும் தழையோடும் கலந்து, மூன்று வாரம் ஆறவிட்ட பிறகுதான் அது புழுவுக்கு உணவாகிறது. இந்த மூன்று வாரத்தையும் சேர்த்தால் முதல் உரம் கைக்கு வர மூன்று மாதத்துக்குச் சற்று மேலே ஆகும். கீழே உள்ள கணக்கு முழுவதும் 20 கிலோ காய்ந்த கடதாசிக்கானது. முதல் முறைக்கு அதற்கு மேல் போக வேண்டாம்.

1. எந்தக் கடதாசி, எது வேண்டாம்

மருதானை, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு பக்கத்து அச்சகங்களில் கழிவு என்று கட்டி வைக்கும் மூட்டையில் எல்லாமே ஒன்றாகக் கிடக்கும். அதனால் மூட்டையை வாங்குவதற்கு முன் அங்கேயே பிரித்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தரம் பிரித்தால், வேண்டாததை எறிய இடம் தேடுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

முதல் தரம், புத்தகத்தின் ஓரம் வெட்டும்போது விழும் அச்சடிக்காத வெள்ளைத் துண்டுகள். இதில் மையே இல்லை. அடுத்தது பத்திரிகைக் கடதாசி, நெளிவு மட்டைப் பெட்டி, பழுப்பு நிறக் கடதாசி. ஆடைத் தொழிற்சாலைகளில் துணி வெட்டுவதற்கு மேலே விரிக்கும் மெல்லிய மார்க்கர் கடதாசியும் நல்லது. ஆனால் அதில் சூட்டில் ஒட்டும்படி பின்பக்கம் பசை பூசிய வகை ஒன்று இருக்கிறது, அது வேண்டாம்.

அறவே ஒதுக்க வேண்டியவை: ஸ்டிக்கர் கடதாசியும் அதன் வழுக்கும் பின்தாளும், லெமினேட் செய்த அட்டை, மெழுகுத்தாள், பால் பக்கெட், தங்க நிறமும் வெள்ளி நிறமும் பதித்த அழைப்பிதழ், மை துடைத்த துணி. கடை பில், ஏ.டி.எம். ரசீது போன்றவை வெப்பத்தில் எழுத்து விழும் கடதாசி. அவற்றில் பிஸ்ஃபீனோல் வகை இரசாயனம் பூசியிருப்பது வழக்கம், அதனால் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

சந்தேகம் வந்தால் மூன்று சிறிய சோதனைகள் போதும். ஒரு துளி தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் உறிஞ்சாமல் முத்தாக நின்றால் ஏதோ பூச்சு இருக்கிறது. மெதுவாகக் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் மெல்லிய பொலித்தீன் இழுபட்டால் ஒதுக்குங்கள். நகத்தால் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது ரசீதுக் கடதாசி.

பளபளப்பான ஆர்ட் பேப்பர் விஷம் இல்லை. அதன் பூச்சு பெரும்பாலும் வெண்களியும் சுண்ணாம்பும்தான். ஆனால் அது எளிதில் ஊறாது, ஊறினால் களிபோல் அப்பிக்கொள்ளும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. அலுவலகத்தில் லேசர் பிரின்டரில் அடித்த தாளிலும் கவனம் தேவை. அதன் மைத்தூளில் பெரும்பங்கு பிளாஸ்டிக், புழு அதைச் செரிக்காது. ஓரத்துண்டு கிடைக்கும் ஊரில் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஒருமுறை ஓர் அச்சகத்திலிருந்து வந்த மூட்டையை நம்பி அப்படியே ஊறப்போட்டேன். அடியில் ஸ்டிக்கர் ஓரங்கள் இருந்திருக்கின்றன. மூன்று மாதம் கழித்துச் சலித்தபோது உரம் முழுவதும் நூல் நூலாக வெள்ளைப் பிளாஸ்டிக். அதைப் பொறுக்கி எடுக்க முடியவில்லை, ஒரு தொட்டி உரமும் வீணானது. அன்றிலிருந்து மூட்டையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

2. கடதாசி வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மாட்டுச் சாணம் 100 கிலோ, பச்சையாக. நகருக்குள் மாடு வளர்ப்பவர்களிடமோ புறநகர்ப் பட்டிகளிலோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆனது என்றும் கேளுங்கள். அந்த மருந்தின் எச்சம் சாணத்தோடு வரும் என்பதால், ஒரு மாதம் கடக்காத சாணத்தை நான் எடுப்பதில்லை.

கிளிசரியாத் தழை 40 முதல் 50 கிலோ. கொழும்பில் வேலிக் கிளிசரியா குறைவு. ஆனால் அவிசாவளை, ஹொரணைப் பக்கமிருந்து லொறி வைத்திருப்பவர்கள் கேட்டால் கொண்டுவருவார்கள். கிடைக்காவிட்டால் பேலியகொடை மெனிங் சந்தையில் கழிக்கும் கோவா இலையும் கீரையும் உதவும். அவற்றில் தண்ணீர் அதிகம், அதனால் இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். கோயில் மாலைகளும் நல்லவைதான், ஆனால் சரிகை நூலையும் பிளாஸ்டிக் மணியையும் உருவிவிட்டுப் போட வேண்டும். வாழைநார் இருந்தால் இருக்கட்டும்.

இவை தவிரத் தும்புத்தூள் ஒரு சாக்கு, 200 லீட்டர் பீப்பாய் ஒன்று, முள்ளுக்கரண்டிபோல் பல் உள்ள மண்வெட்டி, பழைய சணல் சாக்குகள், 4 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடை, ஒரு காந்தம். காந்தம் எதற்கு என்பது அறுவடையில் தெரியும்.

3. கிழித்து ஊறவைத்தல்

இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்தால் போதும். மெஷினில் மிகப் பொடியாக வெட்டிய கடதாசியைத்தான் புதியவர்கள் விரும்புகிறார்கள், சீக்கிரம் மக்கும் என்று நினைத்து. நடப்பது வேறு. பொடிக்கடதாசி ஊறியதும் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே காற்றே போகாத அடையாகிவிடும். பொடிதான் கிடைக்கிறதென்றால் கால் பங்குக்காவது நெளிவு மட்டைத் துண்டு சேருங்கள். அதன் நெளிவுகள் காற்றைப் பிடித்து வைத்திருக்கும்.

பீப்பாயில் 24 மணி நேரம் ஊறட்டும், மட்டை என்றால் 48 மணி நேரம். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அதனால் தண்ணீரை முதல் நாளே நிரப்பித் திறந்து வைப்பது நல்லது. அப்புறம் சாக்கில் போட்டுத் தொங்கவிட்டு வடியுங்கள். சொட்டுவது நின்றால் சரி. 20 கிலோ கடதாசி வடிந்த பிறகு 60 கிலோ அளவில் நிற்கும்.

ஊறாத கடதாசியைக் குவியலில் போட்டு மேலே தண்ணீர் தெளித்தால் ஊறிவிடும் என்று நினைக்காதீர்கள். போன வருடம் ஒரு தம்பியின் தொட்டியில் கையை விட்டபோது தேங்காய் அளவு கட்டி ஒன்று கிடைத்தது. வெளியே கறுத்து, ஈரமாக, உரம்போலவே இருந்தது. உடைத்தேன். உள்ளே உலர்ந்த சாம்பல் நிறக் கடதாசி, அச்சு எழுத்து வாசிக்கும்படி அப்படியே இருந்தது. இரண்டரை மாதத்தில் ஒரு புழுகூட அதற்குள் நுழையவில்லை.

4. கலவைக் கணக்கு

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. கடதாசியில் காபன் நிறைய, நைதரசன் இல்லை என்றே சொல்லலாம். நைதரசனுக்குப் பல நூறு மடங்கு காபன் அதில் இருக்கிறது. நுண்ணுயிர் பெருகவும் புழு வளரவும் தொடக்கத்தில் 25 முதல் 30 மடங்குதான் இருக்க வேண்டும். அதனால் நைதரசனை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

‘கடதாசியும் சாணமும் சமபங்கு’ என்று பல இடங்களில் சொல்வார்கள். அது காய்ந்த எடையில் சொல்வது. பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 கிலோ கடதாசிக்கு 20 கிலோ பச்சைச் சாணம் போட்டால் உண்மையில் நீங்கள் போட்டது 4 கிலோதான். கலவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், புழு மெலியும்.

சரியான சமபங்குக்கு 100 கிலோ பச்சைச் சாணம் வேண்டும். அதுகூடப் போதாது. அந்தக் கலவையில் காபன் நைதரசனுக்கு 40 மடங்கைத் தாண்டியே நிற்கும். நைதரசன் நிறைந்த கிளிசரியாத் தழை 40 முதல் 50 கிலோ சேர்ந்தால்தான் 30க்குக் கீழே இறங்குகிறது. சாணம் விலை கொடுத்து வாங்க வேண்டிய கொழும்பில் தழை பெரிய உதவி.

யூரியா தெளித்தால் சுலபம் என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். யூரியா அமோனியாவாக மாறும், அது புழுவைக் கொல்லும். உரத்தை இயற்கை உரம் என்று சொல்லிக் கொடுக்கவும் முடியாது.

சுண்ணாம்பும் வேண்டாம். நாற்றத்துக்கு ஒரு பிடி சுண்ணாம்பு என்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் அச்சுக் கடதாசியின் வெண்மைக்கே கல்சியம் காபனேற்று, அதாவது ஒருவகைச் சுண்ணாம்பு, சேர்க்கிறார்கள். கலவை ஏற்கெனவே காரப்பக்கம் நிற்கிறது. இன்னும் காரம் ஏறினால் சாணத்தின் நைதரசன் அமோனியாவாக ஆவியாகும். கண் எரியும், உரமும் போகும்.

5. புழு இல்லாத மூன்று வாரம்

கூரையின் கீழ், சீமெந்துத் தரையில் அல்லது தடித்த விரிப்பில் குவியல் கட்டுங்கள். ஒரு சாண் கடதாசி, மேலே சாணம், மேலே தழை என்று அடுக்கி, பிறகு முழுவதையும் ஒருமுறை புரட்டிக் கலக்கவும். இடுப்பளவு உயரம் வேண்டும். தட்டையாகப் பரப்பினால் சூடு ஏறாது.

இரண்டு மூன்று நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும். அந்தச் சூடுதான் களை விதையையும் சாணத்தில் உள்ள கிருமியையும் அழிக்கிறது, அமோனியாவும் அப்போதே வெளியேறுகிறது. இதெல்லாம் புழு இருக்கும்போது நடந்தால் புழு தாங்காது.

நாலு நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள், வெளிப்பக்கம் உள்ளே போகும்படி. ஏழாம் நாள் சூடு தணிந்ததைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். புரட்டினால் மறுபடி ஏறும். புரட்டிய பிறகும் ஏறாமல், மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால்தான் முடிவு.

6. அந்த இடைவெளியில் தொட்டி

குவியல் ஆறும்போதே தொட்டியைக் கட்டிவிடலாம். சீமெந்துக் கல்லில் 6 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அகலம் 3 அடியைத் தாண்டினால் நடுப்பகுதிக்குக் கை எட்டாது, உள்ளே இறங்கி மிதிக்க வேண்டிவரும். தரை ஒரு மூலைக்குச் சரிந்து, அங்கே வலை கட்டிய வடிகுழாய் இருக்க வேண்டும். அடியில் மூன்று அங்குலம் நனைத்த தும்பு.

கூரைக்குக் கிடுகு நல்லது. தகரம் மட்டும் என்றால் பங்குனி, சித்திரை வெயிலில் தொட்டி சூடேறும். 35 பாகையைத் தாண்டினால் புழு செத்துப்போகும். தகரத்தின் கீழ் ஒரு பழைய பாயையாவது கட்டுங்கள்.

எறும்பைத் தடுக்கத் தொட்டியைச் சுற்றி நீர்க்கால் வைப்பது வழக்கம். கொழும்பில் இதில் கட்டாயம் கவனம் வேண்டும். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு வளர ஒரு வாரம் போதும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கு உங்கள் மேல்தான். சவர்க்காரம் கலந்த தண்ணீர் ஊற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். நுளம்பு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், அதனால் தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றுவதில் பயன் இல்லை.

7. இருபது புழுப் பரீட்சை

ஆறிய கலவையில் ஒரு பிடியை மூடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, 20 புழுவை மேலே விடுங்கள். கால் மணி நேரத்தில் உள்ளே இறங்கிவிட்டால் நல்ல அறிகுறி. 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். இருபதும் சுறுசுறுப்பாக இருந்தால் தொட்டிக்குப் போகலாம். ஒன்று செத்திருந்தாலும், மூடியில் ஏறிச் சுருண்டிருந்தாலும், குவியலுக்கு இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்.

‘அண்ணா, புழு எல்லாம் சுவர்ல ஏறி நிக்குது’ என்று இரவு பத்து மணிக்கு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாமே இந்த ஒரு நாள் பரீட்சையைச் செய்யாதவர்களிடமிருந்துதான்.

8. எந்தப் புழு, எவ்வளவு

தோட்டத்தைக் கிண்டி எடுக்கும் புழு உதவாது. அது மண் தின்று ஆழத்தில் வாழ்வது. நமக்கு வேண்டியது மேற்பரப்பில் மக்கியதைத் தின்னும் இனம். உலகெங்கும் சொல்லப்படும் சிவப்புப் புழு ஐசீனியா ஃபெடிடா, ஆனால் அதற்குக் குளிர்ச்சி பிடிக்கும். கொழும்புச் சூட்டுக்கு ஆபிரிக்க இனமான யூட்ரிலஸ் யூஜெனியேயைத்தான் நான் விரும்புகிறேன். நம் பக்கத்துச் சாணக் குவியல்களில் இருக்கும் பெரியோனிக்ஸும் நன்றாக வேலை செய்யும். ஆனால் மழை இரவில் கூட்டமாக வெளியேறும் குணம் அதற்கு உண்டு, வலை மூடி இல்லாமல் அதை விடாதீர்கள்.

இந்தத் தொட்டிக்கு 2 கிலோ புழு வேண்டும். ஒரு நாளில் புழு தன் எடையில் பாதி அளவாவது தின்னும். கையில் ஒரு கிலோதான் இருந்தால் தொட்டியில் பாதியை மட்டும் நிரப்புங்கள்.

கலவையை முதலில் எட்டு அங்குல உயரத்துக்குப் போடுங்கள். மிச்சத்தை ஒரு மாதம் கழித்து மேலே சேர்க்கலாம். மொத்தத்தையும் ஒரேயடியாகப் போட்டால் அடியில் மறுபடி சூடேறும். புழுவை மாலையில் மேலே பரப்பி, முதல் இரவு ஒரு விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளே இறங்கி, அங்கேயே பழகிவிடும். பிறகு நனைத்த சணல் சாக்கால் மூடுங்கள்.

9. அன்றாடம் பார்ப்பது

ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடையில் ஓரிரு துளி எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம். ஒன்றும் வராவிட்டால் சாக்கின் மேல் தெளியுங்கள். கடதாசிக் கலவையின் மேற்பரப்பு உலர்ந்தால் மட்டைபோல் இறுகி மறுபடி ஊற மறுக்கும், அதனால் சாணத் தொட்டியைவிட இதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

வைகாசியிலிருந்து அடிக்கும் தென்மேல் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும் தெளிக்கவே தேவையிருக்காது. அப்போது சாக்கை எடுத்துக் காற்று விடுங்கள், சாரல் பக்கம் படங்கு கட்டுங்கள். வாரம் ஒருமுறை கையால் மேல் நாலு அங்குலத்தை மட்டும் இளக்குங்கள். மண்வெட்டி போட்டுப் புரட்டினால் புழு வெட்டுப்படும்.

10. கோளாறு

அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்றும் வடிகாலும் போதவில்லை. வடிகுழாயைக் குத்திவிட்டு, கிழித்த உலர் மட்டையும் தும்புத்தூளும் கலக்கவும். மூக்கைத் துளைக்கும் அமோனியா வந்தால் புழுவை உடனே பழைய, ஆறிய கலவைக்கு மாற்றுங்கள். குவியல் முழுதாக ஆறவில்லை என்று அர்த்தம்.

எறும்பு உள்ளே கூடு கட்டினால் தொட்டி உலர்ந்துவிட்டது என்பதுதான் செய்தி. மருந்து அடிக்காமல் ஈரத்தைக் கூட்டினால் போய்விடும். பெருச்சாளி, மூஞ்சூறு, செண்பகப் பறவை மூன்றுக்கும் ஒரே மருந்து, இறுக்கிக் கட்டிய கம்பி வலை.

11. அறுவடை

70, 75 நாளில் கலவை தேயிலைத்தூள்போல் கறுத்து உதிரும். கடதாசித் துண்டு கண்ணுக்குத் தெரியக் கூடாது. அங்கங்கே தெரிந்தால் இன்னும் இரண்டு வாரம்.

நாலு நாளைக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். உரம் உதிர்வதற்கும் புழு ஈரம் தேடி அடிக்குப் போவதற்கும் அது வேண்டும். மேல் உரத்தை வாரிப் பகல் வெளிச்சத்தில், வெயில் படாமல், கூம்பாகக் குவியுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மேல்பகுதியை வழித்தெடுக்க, புழு அடியில் பந்தாகத் திரளும்.

சலித்த உரத்தில் காந்தத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். ஸ்டேப்பிள் பின் எத்தனை வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். துருப்பிடித்த பின் கையில் ஏறினால் தடுப்பூசிக்கு ஓட வேண்டிவரும். சல்லடையில் மிஞ்சும் மஞ்சள் மணிகள்போன்ற புழு முட்டைக் கூடுகளை எறியாதீர்கள். சில வாரத்தில் அவற்றிலிருந்து குஞ்சு வரும். அடுத்த தொட்டியில் தூவுங்கள்.

20 கிலோ கடதாசிக்கு எனக்கு 45 கிலோ அளவில் ஈர உரம் கிடைக்கிறது. முழுதாகக் காயவிடாமல் நிழலில் சாக்கில் வையுங்கள். காய்ந்தால் அதில் உள்ள உயிர் போய்விடும்.

12. கொடுப்பதற்கு முன் சோதனை

பாதி உரம், பாதி மணல் கலந்த சட்டியில் 20 பாசிப்பயறும், வெறும் மணலில் 20ம் போடுங்கள். நாலாம் நாள் இரண்டிலும் ஒரேமாதிரி முளைத்தால் உரம் முதிர்ந்திருக்கிறது. உரச் சட்டியில் வேர் பழுப்பாகிக் குட்டையாக நின்றால் இன்னும் ஒரு மாதம் வைக்க வேண்டும்.

அச்சடித்த கடதாசி சேர்த்திருந்தால், மரக்கறிக்குப் போடுவதற்கு முன் ஈயம், கட்மியம், குரோமியம் மூன்றையும் ஆய்வுகூடத்தில் பாருங்கள். பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் பணம் கட்டிச் செய்யலாம். முடிவு வரும்வரை பூஞ்செடிக்குப் போடுங்கள். கீரைக்குப் போடும் உரத்தை நான் அச்சடிக்காத ஓரத்துண்டில் மட்டுமே செய்கிறேன். தொட்டிகளை வேறுவேறாக வைத்திருப்பதும் அதற்குத்தான்.

சட்டிக்கு நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம். நைதரசன் இதில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை அளவில்தான் இருக்கும், அதனால் கத்தரி, மிளகாய்க்கு மாதம் ஒருமுறை மேலே இரண்டு பிடி சேர்க்க வேண்டும்.

பையில் போட்டு விற்கும் எண்ணம் இருந்தால் முதல் பை வெளியே போவதற்கு முன் தேசிய உரச் செயலகத்தில் பதிவு பற்றிக் கேளுங்கள். ஆய்வு அறிக்கையையும், எந்த நாளில் எந்த அச்சகத்திலிருந்து என்ன கடதாசி வந்தது என்று எழுதிய கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.